ஐந்து கட்டைக்குச் சற்று மேலே

இலங்கை மின்சாரத்துக்கு ஒரு சுருதி உண்டு. வினாடிக்கு 50 சுற்று ஓடும் மின்சாரம்தான் நம் வீடுகளுக்கு வருகிறது. அதில் தொடுத்த சாமான் எல்லாம் 50இலோ, அதன் இரட்டிப்பான 100இலோ முனகிக்கொண்டே இருக்கும். குளிர்சாதனப் பெட்டி, பழைய டியூப்லைட்டின் சோக், மின்விசிறி, சந்திக் கம்பத்தில் இருக்கும் டிரான்ஸ்போமர். டிரான்ஸ்போமருக்குள் இருக்கும் இரும்பு காந்தம் ஏறும்போதும் இறங்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத அளவு நீண்டு சுருங்குகிறது. ஒரு சுற்றில் இது இரண்டு தடவை நடப்பதால் அது பாடுவது 100. பாடகர்கள் சுருதியை ஆர்மோனியத்தின் கட்டைகளை வைத்து எண்ணுவார்கள். அதில் ஐந்து கட்டையைக் கீழ் ஸ்தாயியில் எடுத்தால் வருவது வினாடிக்கு 98. ஆக, மட்டக்களப்புக் கல்லடியில் என் வீட்டுக்கு முன்னால் இருக்கும் டிரான்ஸ்போமர் ஐந்து கட்டைக்குச் சற்று மேலே, ஐந்தரையைத் தொடாமல் நிற்கிறது. நான் செய்கிற இசை முழுவதும் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

என்ன மாதிரி இசை என்று கேட்கிறவர்களுக்கு நேராகவே சொல்லிவிடுவேன். தாளம் கிடையாது, பல்லவி சரணம் கிடையாது. மூன்று நான்கு ஒலிகள் மட்டும் இருக்கும். அவை மெதுவாக வரும், கொஞ்ச நேரம் நிற்கும், போய்விடும். இருபது நிமிடமும் ஓடலாம், இரண்டு மணித்தியாலமும் ஓடலாம். ஆம்பியன்ட் என்று உலகம் முழுக்க அறியப்பட்ட வகை இது. அதிலும் என்னுடையது மிகக் கொஞ்சப் பொருளை வைத்துச் செய்கிற மினிமல் பக்கம். பகலில் தரம் 7 பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். இரவில் மகன் தூங்கிய பிறகு மடிகணினியைத் திறக்கிறேன். இந்த இரண்டு வேலையும் எனக்கு ஒன்றுக்கொன்று தூரமாக இருந்ததே இல்லை.

அப்பா களுவாஞ்சிகுடியில் சவுண்ட் சேர்விஸ் நடத்தினார். 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பை அடித்த சூறாவளிக்குப் பிறகு, கூரை போன கோயில்களைத் திருத்திக் கும்பாபிஷேகம் செய்துகொண்டிருந்த காலத்தில் வாங்கிய இரண்டு ஹோர்ன் ஸ்பீக்கர்தான் கடையின் முதல் சொத்து. நான் பிறந்தபோது அவை நிறையப் பெருகியிருந்தன. திருவிழா வந்தால் கோயில் வாசலில் ஒன்று, சந்தையில் ஒன்று, பிரதான வீதி நெடுகப் பனையிலும் கம்பத்திலும் மற்றவை என்று கடற்கரை வரைக்கும் கட்டுவார்.

கம்பி வழியாகப் பாட்டு எல்லா ஹோர்னுக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். காற்று வழியாக வரும்போதுதான் தாமதம். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகும். எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றால் பக்கத்து ஹோர்ன் உடனே சொல்லும். சந்தை ஹோர்ன் அதே சொல்லை ஒரு வினாடி கழித்துச் சொல்லும். கடற்கரைப் பக்கத்து ஹோர்ன் அதற்கும் பிறகு, காற்று அடிக்கிற திசையைப் பொறுத்து ஏறி இறங்கிச் சொல்லும். ஒன்றின் மேல் ஒன்று விழுந்து சொற்கள் எல்லாம் கலைந்துவிடும். மிஞ்சுவது குரலின் நீட்டல்கள் மட்டும். அம்மன் பாட்டு ஓடுகிறதா, சினிமாப் பாட்டு ஓடுகிறதா என்றே தெரியாது. ஆனால் முற்றம் முழுக்க ஒரு நீளமான ஓசை தங்கிவிடும். அதற்குள் நின்றுதான் நான் துணி காயப்போட்டேன், பாடம் படித்தேன்.

1965இல் ஸ்டீவ் ரைக் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் ஒரே பேச்சுத் துண்டை இரண்டு டேப் இயந்திரங்களில் ஓடவிட்டார். ஒன்று மற்றதை விட்டு மெல்ல மெல்ல விலகியபோது பேச்சு கரைந்து இசையானது. இருபதாம் நூற்றாண்டு இசையில் இது பெரிய திருப்பம் என்கிறார்கள். திருப்பம்தான், மறுக்கவில்லை. நான் அதை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு வந்தது எங்கள் முற்றத்தின் ஞாபகம்.

அப்பாவிடம் நான் கற்ற இன்னொன்று ஜெனரேட்டரை காதால் பார்ப்பது. அவருடைய ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றினால்தான் சரியாக 50 சுற்று மின்சாரம் தரும். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வெடிக்கும், ஆகவே அதன் புகைக்குழாய் பாடுவது 25. மின்சாரத்தில் சரியாகப் பாதி, அதாவது ஒரு ஸ்தாயி கீழே. தேரடியில் சோடனை விளக்குகளை ஒரேயடியாகப் போட்டால் எஞ்சின் திணறிச் சுருதி இறங்கும். அப்பா பேசிக்கொண்டிருப்பதை நிறுத்தமாட்டார். கை மட்டும் போய் எஞ்சினைக் கொஞ்சம் முடுக்கிவிடும், சுருதி ஏறி வந்து பழைய இடத்தில் நிற்கும். மீற்றர் வைத்திருந்தார், நான் ஒருநாளும் அவர் அதைப் பார்த்துக் கண்டதில்லை.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கல்லடியில் அந்த இரவுகளில் வெக்கை தாங்கவில்லை. நான் மடிகணினியை பேட்டரியில் வைத்து ஒரு இசைத் துண்டை ஓடவிட்டிருந்தேன். ஐந்து கட்டையில், சரியாக 98இல், ஒரே ஒரு நீண்ட ஒலி. அப்போது மின்சாரம் வந்தது. அடுப்படியில் குளிர்சாதனப் பெட்டி முனகத் தொடங்கியது. உடனே என்னுடைய ஒலி அடிக்கத் தொடங்கிவிட்டது. வினாடிக்கு இரண்டு தடவை, ஏறி இறங்கி, ஏறி இறங்கி. உயர்தரத்தில் பௌதிகம் படித்தவர்களுக்குத் தெரியும், இதன் பெயர் அடிப்பு. 98உம் 100உம் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் வித்தியாசமான 2 காதுக்குக் கேட்கும். நான் எழும்பிப் போய்ப் பெட்டியை நிறுத்தவில்லை. என் ஒலியை மெல்ல உயர்த்தினேன். அடிப்பு மந்தமாகி, இன்னும் மந்தமாகி, 100இல் நின்றுவிட்டது. வீடும் இசையும் ஒரே சுருதியில் சேர்ந்துவிட்டன. அன்றைக்குப் பிறகு நான் ஆர்மோனியத்துக்குச் சுருதி சேர்ப்பதில்லை.

இதை எனக்கு முன்னால் செய்தவர் இருக்கிறார். நியூயோர்க்கில் லா மொன்ட் யங் என்ற இசையமைப்பாளர் 1960களிலேயே தன் நீண்ட ஒலிகளை மின்சாரத்தின் முனகலோடு சேர்த்துவிட்டார். வீட்டில் ஆமை வளர்த்த தொட்டியின் மோட்டார்தான் அவருக்குச் சுருதிப்பெட்டி. அங்கே மின்சாரம் 60 சுற்று. அதாவது அமெரிக்கா முழுவதும் ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நட்டநடுவே முனகுகிறது. இவர் 1970இல் இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிரான் நாத்திடம் சீடராகச் சேர்ந்து தம்புரா பழகினார் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஒரு சுரத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வது எப்படி என்று தெரிந்துகொள்ள நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிற மனிதரிடமும் போகலாம். அவர் ஒரே சுரத்தை முழு இரவும் பிடித்துக்கொண்டிருப்பார், ஒருவரும் அவர் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அவரை எடுத்துவிட்டுக் கேட்டால்தான் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று புரியும்.

இனி இங்கிலாந்து இசைக்கலைஞர் பிரையன் ஈனோ. இந்த வகை இசைக்குப் பெயர் வைத்தவர் அவர்தான் என்பதால் அவரைச் சொல்லாமல் போக முடியாது. 1975இல் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தபோது, பார்க்க வந்த தோழி ஒருவர் ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். தோழி போன பிறகு பெரும்பாடுபட்டு அதை ஓடவிட்டுவிட்டுப் படுத்துப் பார்த்தால் சத்தம் மிகக் குறைவு, ஒரு பக்க ஸ்பீக்கர் வேலையே செய்யவில்லை. எழும்பிச் சரிசெய்ய உடம்பில் தெம்பில்லை. வெளியே மழை. மழைக்குள் இருந்து ஹார்ப்பின் பலமான சுரங்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக மேலே வந்தன. இசையை அறையின் ஒரு பகுதியாகக் கேட்கலாம் என்று அப்போதுதான் தனக்குத் தெரிந்தது என்று எழுதியிருக்கிறார்.

1978இல், விமான நிலையங்களுக்காக என்று அவர் வெளியிட்ட இசைத்தட்டில் குரல்கள் மட்டும் வரும் ஒரு பகுதி இருக்கிறது. ஜெர்மனியில் கொன்னி பிளாங்கின் ஸ்டூடியோவில் நீளமான டேப் வளையங்களை நாற்காலிக் கால்களைச் சுற்றி ஓடவிட்டு அதைச் செய்தார்கள். ஒரு குரல் ஒரே ஒரு சுரத்தை நீட்டும், பிறகு அமைதி, வளையம் சுற்றி வந்ததும் அதே சுரம் மறுபடி. ஒரு வளையம் ஏறத்தாழ 23½ வினாடி, அடுத்தது 25⅞, இன்னொன்று 29¹⁵⁄₁₆ வினாடி என்று பின்னொரு உரையில் சொன்னார். வளையங்கள் தங்கள் பாட்டுக்குச் சுற்றும், சுரங்கள் தாங்களாகவே சந்திக்கும், விலகும். எந்த இடத்தில் எந்தச் சுரம் சேர வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

கணித டீச்சருக்கு இது போதாதா? பொது மடங்குகளுள் சிறியது (பொ.ம.சி.) படிப்பிக்கும் கிழமையில் இதைக் கரும்பலகையில் போட்டேன். மூன்று வளையமும் ஒன்றாகத் தொடங்கினால் மறுபடி எப்போது ஒன்றாகச் சேரும்? முதலில் எல்லாவற்றையும் பதினாறில் ஒன்றாக மாற்றச் சொன்னேன்: 376, 414, 479. 479ஐ எதனாலும் பிரிக்க முடியவில்லை என்று பின்வாங்கில் இருந்து ஒரு பிள்ளை கண்டுபிடித்தாள். அது முதன்மை எண். அதனால்தான் விடை அவ்வளவு பெரிதாகப் போகிறது. முதல் இரண்டு வளையமும் 81 நிமிடத்தில் சந்தித்துவிடும். மூன்றும் சேர 23 இலட்சத்து 30 ஆயிரத்துச் சொச்சம் வினாடி, ஏறக்குறைய 27 நாள். ஒரு போயாவில், அதாவது பூரணையில், தொடங்கினால் அடுத்த போயாவுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது சேரும். "அதுவரைக்கும் ஆரு டீச்சர் கேட்டுக்கொண்டிருக்கிற?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. எவரும் கேட்கத் தேவையில்லை, நடுவில் வந்து நடுவில் எழுந்து போகலாம், இந்த இசையில் எனக்குப் பிடித்ததே அதுதான் என்றேன். அவன் முகம் தெளியவில்லை. பரவாயில்லை, இன்னும் வயது இருக்கிறது.

என்னுடைய கடைசித் துண்டுக்கு மூன்று வளையம் வைத்தேன்: 17, 19, 23 வினாடி. எல்லாம் முதன்மை எண்கள். மூன்றும் மறுபடி சேர 7,429 வினாடி, இரண்டு மணித்தியாலம் மூன்று நிமிடம் 49 வினாடி ஆகும். துண்டின் நீளமும் அதுவே. எங்கே முடிப்பது என்று நான் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை.

17 வினாடி வளையத்தில் இருப்பது கோயில் மணி. பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் மத்தியானப் பூசை முடிந்து ஆட்கள் போன பிறகு பூசகர் ஐயாவிடம் கேட்டு, ஒரே ஒரு அடி அடித்துவிட்டுக் கயிற்றை அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். மணி ஓய்ந்து முடியும்வரை நாங்கள் இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். ஓய்ந்துவிட்டது என்று நான் நினைத்த பிறகும் அவர் விரலைக் காட்டி, இன்னும் இருக்கிறது என்றார். உண்மைதான், பதிவில் இருந்தது.

வீட்டுக்கு வந்து செய்த முதல் வேலை அந்த அடியை வெட்டி எடுத்தது. மணியின் அடையாளம் முழுக்க அந்த முதல் அடியில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவதை மணி என்று யாரும் சொல்லமாட்டார்கள். பாரிஸ் நகரில் பியர் ஷாஃபர் என்ற இசையமைப்பாளர் 1948இலேயே இதைக் கண்டுபிடித்து, வெட்டிய மணியை வைத்து ஒரு முழுச் சிந்தனையையே கட்டினார். நான் ஓடாசிட்டி என்ற ஒலி வெட்டும் மென்பொருளில் அலையைப் பெரிதாக்கிப் பார்த்து, கூர்மையான அந்த முனையை எடுத்துவிட்டு, மீதி நாலு வினாடியில் மெல்ல எழும்பி வரும்படி செய்தேன். மணி எதுவும் அச்சொட்டாக வட்டமாக இருப்பதில்லை. அதனால் அதன் ஒவ்வொரு சுரமும் உண்மையில் மிக நெருங்கிய இரண்டு சுரம். அடி இருக்கும்போது அது காதில் படாது. அடி போனதும் அந்த இரண்டும் உரசிக்கொண்டு அலைவது தெளிவாகக் கேட்டது. பிறகு ஓட்டத்தை மெல்லக் குறைத்துக் குறைத்து அதை 200க்கு இறக்கினேன். வீட்டு முனகலுக்கு ஒரு ஸ்தாயி மேலே போய் உட்கார்ந்தது.

19இல் பெரியம்மாவின் குரல். அவர் ஓராட்டு, அதாவது தாலாட்டு, பாடி வளர்க்காத பிள்ளை எங்கள் குடும்பத்தில் இல்லை. முழுப் பாட்டையும் பாடச்சொல்லிப் பதிவு செய்தேன், எடுத்துக்கொண்டது ஒரு வரியின் கடைசி இழுவையை மட்டும். சொல் முடிந்து, வாய் மூடி, மூக்குக்குள் சுரம் தொடரும் அந்த இடம். "என்ன புள்ள, பாட்ட விட்டுப்போட்டு இழுவைய மட்டும் எடுக்கிறாய்? அதுல என்ன இருக்கு?" என்றார். பிள்ளை தூங்கியது அந்த இழுவையில்தானே பெரியம்மா என்றேன். யோசித்தார். "ஓம், அது சரிதான்" என்றவர், அதன் பிறகு அந்த இழுவையை மட்டும் தனியாக, முன்னைவிட நீளமாகப் பாடித் தந்தார். முதலில் பாடியதைத்தான் வைத்தேன். பதிவுக்கென்று பாடும்போது குரல் கொஞ்சம் நிமிர்ந்துவிடுகிறது.

23இல் சல்லரி, கூத்தில் தட்டுகிற கைத்தாளம், அதுவும் முதல் அடி வெட்டப்பட்டு. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, நன்றாக இருக்கிறது. மூன்றையும் ஓடவிடுவது பியூர் டேட்டா என்ற இலவச மென்பொருள். பழைய மடிகணினிக்கு அது தாராளம்.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான் வருகிறது. கேட்பது. மின்விசிறியைப் போட்டு, யன்னலைத் திறந்து, மிகக் குறைந்த சத்தத்தில் நாட்கணக்காக ஓடவிடுவேன். சத்தம் குறையக் குறைய நம் காது அடித்தளச் சுரங்களை முதலில் கைவிடும். 1933இல் ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். ஆகவே உரத்த சத்தத்தில் வைத்துச் சமன் செய்த இசை, சத்தம் குறைந்ததும் தரை இல்லாமல் நிற்கும். நான் அதற்கு நேர்மாறாகச் செய்கிறேன். வீதியில் போகும் ஆட்டோவைவிடக் குறைவாக வைத்துச் சமன் செய்கிறேன். கேட்டுக்கொண்டே சமைப்பேன், கொப்பி திருத்துவேன். எந்த ஒலி என்னைத் தலை நிமிர வைக்கிறதோ அதைக் குறைப்பேன் அல்லது எடுத்துவிடுவேன். இந்தத் துண்டில் முதலில் ஆறு வளையம் இருந்தது. ஆர்மோனியம் போனது, கடல் போனது, புல்லாங்குழல் போனது. புல்லாங்குழல் மிக அழகாக இருந்தது, அதனாலேயே அது மற்ற எல்லாவற்றையும் பின்னணியாக்கிவிட்டது.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த இசையை இப்போது தூக்கத்துக்கும் மன அழுத்தத்துக்கும் மருந்தாக விற்கிறார்கள். மழைச் சத்தம், ஒரு பியானோ, எட்டு மணித்தியாலம். நித்திரை வராதவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும், அவர்கள் எதையாவது கேட்டுத் தூங்கட்டும். ஆனால் அது வெளியே இருக்கும் உலகத்தை மூடுவதற்காகச் செய்யப்படுவது. நான் செய்ய விரும்புவது திறந்துவைக்கிற இசை. அதைப் போட்டால் குளிர்சாதனப் பெட்டி கேட்க வேண்டும், காகம் கேட்க வேண்டும், அடுத்த வீட்டில் அரிசி புடைப்பது கேட்க வேண்டும். அவையெல்லாம் இசைக்குள் வந்து தங்கள் இடத்தில் இருக்க வேண்டும். நியூயோர்க்கில் டெய்லர் டூப்ரி 1997இல் தொடங்கிய 12கே என்ற வெளியீட்டகத்தின் இசையை நான் விரும்பிக் கேட்பது இதனால்தான். சின்னச் சின்ன இரைச்சலையும் விரல் படும் சத்தத்தையும் துடைத்தெறியாமல் விட்டுவைக்கிறார்கள்.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு இப்படி ஒலி செய்கிறவளிடம் எல்லோரும் கேட்பது எங்கள் வாவிக்குள் பாடுவதாகச் சொல்லப்படும் மீனைப் பற்றித்தான். கேட்காமல் இருந்தால்தான் அதிசயம். 1848 செப்டெம்பரில் எமர்சன் டெனன்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி நிலவில் தோணியில் போய் இந்த வாவியின் ஒலியைக் கேட்டார், 1859இல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதினார். அவர் எழுதியதில் எனக்கு முக்கியமானது ஒன்று: அது ஒற்றை நீண்ட சுரம் அல்ல, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெளிவாக இருக்கும் எண்ணற்ற சிறு ஒலிகள், மேல் சுரமும் அடிச் சுரமும் கலந்து வந்தன என்கிறார். தோணியின் பலகையில் காதை வைத்தபோது ஒலி இன்னும் பெருகியது. மீன் அல்ல, ஊரி என்கிற சிறு சங்குதான் பாடுகிறது என்று அவரிடம் இங்குள்ளவர்கள் சொல்லியிருக்கிறார்கள். துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறு முனையில் காதை வைத்துக் கேட்கும் பழக்கம் இங்கே இன்றைக்கும் உண்டு. கேட்பதற்கென்று கருவி ஒன்றும் வேண்டாம், மரம் போதும் என்று கண்டவர்கள் எங்கள் ஆட்கள்.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் இந்த ஒலியை நீரர மகளிரின், அதாவது நீருக்குள் வாழும் தேவமகளிரின், பாட்டாக எழுதினார். அவர் விஞ்ஞானப் பட்டதாரி. 1947இல் வெளிவந்த யாழ் நூலில் பழைய யாழின் சுரங்களை எண்களை வைத்துக் கணக்குப் போட்டு மீட்டவர். கவிதையும் கணக்கும் ஒரே மனிதருக்குள் சண்டையில்லாமல் இருந்தன. அந்தப் புத்தகத்தின் கணக்குப் பக்கங்களைத் திறக்கும்போதெல்லாம் எனக்குத் தெம்பு வரும்.

நானும் தண்ணீருக்குள் கேட்கிறேன். பழைய பஸர் ஒன்றிலிருந்து எடுத்த, அதிர்வை மின்சாரமாக்கும் பித்தளை பீசோ தகட்டில் அப்பா வயர் பற்றவைத்துத் தந்தார். அதைப் பசையால் நன்றாக மூடித் தண்ணீர் புகாமல் செய்தோம். அதைச் சும்மா மைக் உள்ளீட்டில் சொருகினால் அடிச்சுரம் எல்லாம் போய்விடும். தடை கூடிய உள்ளீடு வேண்டும், அதற்கும் ஒரு சின்னச் சுற்றை அப்பாவே கட்டினார். 2013இல் புதுப் பாலம் திறந்த பிறகு கல்லடிப் பழைய இரும்புப் பாலத்தில் அவ்வளவு இரைச்சல் இல்லை. அங்கிருந்து வயரை இறக்கினால் முதலில் கேட்பது எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். வெப்பநாட்டு ஆழமில்லாத நீர் எங்கும் இது உண்டு. ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள சின்ன இறால்கள் அந்தக் கொடுக்கைச் சட்டென்று மூடும்போது நீருக்குள் ஒரு குமிழி தோன்றி உடைகிறது. அந்தக் குமிழி உடைவதுதான் சத்தம். அதற்கு அடியில் தூரத்து எஞ்சின் தோணி, பாலத்தின் இரும்பு, சில இரவுகளில் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு தாழ்ந்த ஒலி.

அந்த ஒலியைப் பதிந்து, இதோ பாடும் மீன் என்று ஒரு துண்டுக்குள் போட எனக்கு மனம் இல்லை. கேட்பவர்கள் உடனே அதைத்தான் கேட்பார்கள், வேறொன்றையும் கேட்கமாட்டார்கள். வாவி 56 கிலோமீற்றர் நீளம், அதை ஒரு அடையாளச் சின்னமாகச் சுருக்க வேண்டாம். எனக்கு வேண்டியது டெனன்ட் விவரித்த அந்த அமைப்பு. தெளிவான சிறு ஒலிகள் பல, ஒன்றையொன்று முந்தாமல். என் மூன்று வளையத்திலும் நான் அதைத்தான் கட்டப் பார்க்கிறேன்.

இப்போது கையில் இருப்பது வேறு வேலை. அப்பா கடையை மூடிவிட்டார், ஆனால் நாலு ஹோர்னை விற்கவில்லை. அவற்றைக் கடற்கரை நெடுக 170 மீற்றருக்கு ஒன்றாகக் கட்டினால் ஒவ்வொன்றுக்கும் இடையில் அரை வினாடி தாமதம் தானாகவே வந்துவிடும். வளையம் தேவையில்லை, தூரமே போதும். ஒரு ஹோர்னுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் ஒன்றைக் கேட்பார், நடந்து போகிறவர் வேறொன்றைக் கேட்பார். இதை அப்பாவிடம் சொன்னதும் துண்டைப் போடச் சொன்னார். ஹெட்போனில் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். மணியை உடனே பிடித்துவிட்டார், தலை வெட்டியிருந்தும்.

"நல்லாத்தான் இருக்கு மகள். ஆனா இந்த அடிச் சத்தம் ஒண்டும் ஹோர்ன்ல வராது. வெட்டாம குடுத்தா யூனிட் கிழிஞ்சிரும்" என்றார். சரிதான். ஹோர்ன் ஸ்பீக்கருக்குக் கீழ்ச்சுரம் ஒத்துவராது, உள்ளே அதிரும் யூனிட் அதைத் தாங்காது. என் 50உம் 100உம் அங்கே இல்லை, மணியின் 200உம் பெரும்பாலும் போய்விடும். ஆகவே எல்லாவற்றையும் மேலே ஏற்ற வேண்டும், 400க்கு, 800க்கு. ஐந்து கட்டைக்குச் சற்று மேலே என்ற உறவு மட்டும் மாறாமல் இருக்கும். பெரியம்மாவின் இழுவையை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றினால் அது அவருடைய குரலாக இருக்காது. அதற்குப் பதிலாக என்ன வைப்பது என்று அவரிடமே கேட்கப் போகிறேன்.

மாரி தொடங்க முதல் செய்து முடிக்க வேண்டும், ஹோர்னுக்குள் மழைத்தண்ணீர் போகக்கூடாது என்பது அப்பாவின் முதல் நிபந்தனை. ஜெனரேட்டர் வேண்டாம், அதன் 25 கடற்கரை முழுக்கக் கேட்கும், பேட்டரியில் ஓடும் அம்ப் எடுப்போம் என்பது இரண்டாவது. வயரைச் சிக்கில்லாமல் சுற்றித் திருப்பித் தர வேண்டும் என்பது மூன்றாவது. நாலையும் ஒரேயடியாகக் கட்ட வேண்டாம், முதலில் ஒன்றைக் கட்டி நடந்து பார்ப்போம், எவ்வளவு தூரம் போகிறது என்று காது சொல்லட்டும் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.